மதிலில் ஒரு சிவப்பு வரி

பேருந்து வந்து நின்றதும் அந்த அம்மா தூரிகையைப் பெயின்ட் டப்பாவின் மேல் வைத்துவிட்டு, ஜன்னலோரம் இருப்பவர்களின் உதடுகளைப் பார்க்கிறார். மதிலில் அவர் எழுதிய வரியை அவர்கள் முணுமுணுத்துப் படிக்கிறார்கள். எந்தச் சொல்லில் உதடு தயங்குகிறதோ அந்தச் சொல் மறுநாள் மதிலில் இருக்காது. "பஸ் கெளம்புறதுக்குள்ள படிச்சு முடிக்கணும். முடியலைன்னா அது என் தப்பு" என்பார்.

சமுதாயக் கல்லூரியில் அவர் சமூகசேவை ஒருங்கிணைப்பாளர். அறைக்கதவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. தெருவில் அவர் பெயர் சுவரக்கா. ஐம்பதை நெருங்கும் வயது. கட்டையான உருவம், குரல் மட்டும் ஆளைவிட ஒரு சுற்று பெரிது. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, தூரிகை இருக்கும்.

அக்கம்பக்கத்துக்குக் கல்லூரி இந்த ஆண்டு என்ன செய்யப்போகிறது என்று திட்டமிடுவதும், அதை எல்லோருக்கும் சொல்வதும் அவர் வேலை. முன்பு அது பளபளப்பான தாளில் அச்சாகும். ஒருமுறை 'பின்தெரு ஒருங்கிணைந்த மேம்பாட்டுச் செயல்திட்டம்' என்று அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார். மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவதுதான் திட்டம். மறுநாள் காலை பின்தெருவே கல்லூரி வாசலில் நின்றது, வீட்டுப் பத்திர நகல்களோடு.

"மேம்பாடுன்னு பேப்பர் வந்தா வீட்டை இடிக்கப் போறாங்கன்னுதானேம்மா அர்த்தம்?" என்றார் லாண்டரிக்காரர்.

ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "இடிக்கலைங்க, கணக்குதாங்க" என்று சொல்லி அனுப்புவதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அத்தோடு அச்சகத்துக்குப் போவதை விட்டார். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய கல்லூரி மதிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

செய்யப்போவது கறுப்பில். பக்கத்தில் மாதமும் பொறுப்பும். செய்து முடித்தால் அதன்மேல் பச்சை. மாதம் தாண்டிவிட்டால் சிவப்பு. இவ்வளவுதான் அவருடைய முறை. எழுதுவதற்கு முன் லாண்டரி, முடிவெட்டும் கடை, மருந்துக்கடை என்று ஒரு சுற்று வருவார். கூட வரும் ஆசிரியர்களிடம், "என்ன வேணும்னு கேக்காதீங்க சார். மரியாதைக்கு ஒண்ணும் வேணாம்பாங்க. நேத்து எதுக்குக் கோவம் வந்துச்சுன்னு கேளுங்க, கொட்டுவாங்க" என்பார். கொட்டுவதை எல்லாம் கேட்டுக்கொண்டு, கல்லூரியால் எது முடியும் என்று நான்கைந்தைப் பொறுக்குவார்.

வீட்டிலும் இதே கதைதான். சமையலறைச் சுவரில் ஒருநாள், 'சொட்டும் குழாய். பொறுப்பு: கணவர்' என்று எழுதிவைத்தார். மாமியார் அதை வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். அந்த வாரமே கணவர் ஸ்பானரோடு தொட்டிக்கடியில் படுத்துவிட்டார். "பச்சை அடிச்சாச்சாடி? எங்கம்மா இன்னும் பழசையே படிச்சிட்டிருக்காங்க" என்று அடியிலிருந்தே கேட்டாராம்.

இந்த ஆண்டு மதிலில் பச்சைதான் அதிகம். ஒரே ஒரு சிவப்பு: 'இந்த நிறுத்தத்துக்கு நிழற்கூரை.' வெல்டிங் வகுப்பு மாணவர்கள் கூரையைச் செய்து முடித்துவிட்டார்கள். அது அவர்கள் கூடத்தில் சாய்ந்து கிடக்கிறது. நடுவதற்குக் கல்லூரி முதல்வர் கையெழுத்திட வேண்டும். கோப்பு அவர் மேசையில் மற்ற கோப்புகளோடு சுகமாக இருக்கிறது. பேருந்துக்கு நிற்பவர்கள் வெயிலில் நிற்கிறார்கள்.

கல்லூரியை மதிப்பிட ஒரு குழு வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் முதல்வரே மதிலுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு டப்பா வெள்ளை பெயின்ட்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும்மா. அந்தச் சிவப்பை மட்டும் எடுத்துடுங்க. விருந்தாளி வர்ற வீட்டுல கிழிஞ்ச துணியைக் கொடியில போட்ட மாதிரி இருக்கு."

"கிழிஞ்சதுதானே சார். தைச்சுட்டு எடுத்துடலாமே."

"நாளைக்கு வர்றாங்கம்மா. தைக்க எங்க நேரம்?"

சுவரக்கா மேற்கொண்டு வாதாடவில்லை. டப்பாவின் மூடியை மெதுவாக, வழக்கத்தைவிட மிக மெதுவாக நெம்பிக்கொண்டிருந்தார். அதற்குள் பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன சுவரக்கா, வெள்ளை டப்பா? கூரை வந்துருச்சா? எங்க, என் கண்ணுக்குத் தெரியலையே!"

பேருந்து மொத்தமும் சிரித்தது. வேலைக்குப் போகக் குடையோடு நின்றிருந்த ஒரு நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. நேராக முதல்வரிடம் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அதை அழிச்சா, நடந்துடுச்சுன்னு அர்த்தமா, இல்ல நடக்கவே போறதில்லைன்னு அர்த்தமா?"

முதல்வர் சுவரக்காவைப் பார்த்தார். அவர் மூடியிலேயே கண்ணாக இருந்தார். ஓட்டுநர் இன்னும் வண்டியை எடுக்கவில்லை. ஜன்னல்தோறும் முகங்கள்.

"நடக்கும்மா, ஏன் நடக்காது? கூரை ரெடியாத்தான் இருக்கு. ஒரு கையெழுத்துதான் பாக்கி."

"யாரு கையெழுத்து சார்?" என்றார் ஓட்டுநர், ரொம்பப் பணிவாக.

முதல்வர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். நிறுத்தத்தில் அவர் அவ்வளவு நேரம் நின்றது அதுவே முதல்முறையாக இருக்கலாம். "என்னா வெயிலு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, கடைசி ஜன்னலுக்கும் கேட்கும்படி, "வர்ற வெள்ளிக்கிழமை நட்டுடலாம்" என்றார்.

சுவரக்கா வெள்ளை டப்பாவை மறுபடி மூடி, காலால் ஓரமாகத் தள்ளினார். தூரிகையைக் கறுப்பில் முக்கினார். சொட்டாதபடி விளிம்பில் வழித்தார். பிறகு, அதன் பிடியை முதல்வர் பக்கம் திருப்பி நீட்டினார்.