ஹனாவின் இரத்தத்தில் ஈயம்

போன கிழமை பக்கத்து வீட்டு நஸ்லியா கையில் ரிப்போட்டோடு ஓடி வந்தாள்.

"ராத்தா, குறைஞ்சிருக்காம்!"

என்ன குறைந்தது? சொல்கிறேன்...

அவளுடைய மகள் ஹனாவுக்கு நாலு வயது. மாதக்கணக்காக வயிற்று வலி. சாப்பாடு பிடிக்காது. எதற்கெடுத்தாலும் அழுகை. கடகடவென்று கதைத்த பிள்ளை, சொற்களைத் தேடத் தொடங்கியிருந்தாள். குர்ஆன் ஓதி ஊதியும் பார்த்தார்கள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கச் சொன்னது யார்? நான்தான்!

கடைசியில் ஆஸ்பத்திரி. நானும் கூடப் போனேன். டொக்டர் ஒரு பெண். "வீட்டில என்ன தொழில் செய்றீங்க?" என்று கேட்டார்.

புருஷன் கடலுக்குப் போகிறவர். நஸ்லியா, வலையில் கட்டும் ஈயக் குண்டு வார்த்து விற்பாள். பழைய கார் பற்றரிகளை உடைத்து, அந்த ஈயத்தைக் குசினிக்குப் பின்னால் சட்டியில் உருக்குவாள். ஹனா பக்கத்திலிருந்து மண் விளையாடுவாள்.

டொக்டர் உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்தது — ஈயம். புகையிலும் தூசியிலும் இருந்து உடம்புக்குள் போயிருக்கிறது. இரத்தத்தை மட்டுமல்ல, வளர்கிற மூளையையும் அது கெடுக்குமாம்.

"அப்ப நான்தானா டொக்டர் எண்ட புள்ளைக்கு நஞ்சு குடுத்த?"

"நீங்க தெரியாமத்தானே செஞ்ச. இனித் தெரியும்."

அன்றோடு அடுப்பு அணைந்தது. முற்றத்து மண்ணை அப்புறப்படுத்தினார்கள். நஸ்லியா இப்போது கிழிந்த வலை பொத்துகிறாள். வருமானம் பாதிதான். ஹனா சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். ஆனால், போன சொற்கள் எல்லாம் திரும்பி வருமா? "பார்த்துக்கொண்டுதான் இருக்க வேணும்" என்கிறார் டொக்டர்.

போன கிழமை, ஹனாவின் இரத்தத்தில் ஈயம் குறைந்த ரிப்போட்டோடு வந்தவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. பின்தெருவில் ஈயம் உருக்கும் இன்னொரு பெண்ணிடம் போனாள். நானும் போனேன்.

"எங்கட உம்மா காலத்திலருந்து செய்றம். எங்களுக்கு என்ன வந்த?" என்றாள் அந்தப் பெண்.

நஸ்லியா வாதாடவில்லை. ரிப்போட்டை நீட்டினாள்.

"இது எண்ட மகள். செஞ்சது நான்."

அந்தப் பெண் ரிப்போட்டை வாங்கிப் பார்த்தாள். மறுநாள் காலை, தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நஸ்லியாவோடு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

பிறர் பிழையைச் சொல்ல ஊரே இருக்கிறது... தன் பிழையைச் சொல்லிப் பிறர் பிள்ளையைக் காப்பாற்ற எத்தனை பேருக்கு மனம் வரும்?