குப்புற விழும் ஆர்வில்

காலைக் காபி ஆறுவதற்குள் ஆர்வில் டக்கெட் ஒரு தடவை செத்துக் காட்டிவிடுவார். பெஞ்சிலிருந்து எழுந்து, நெஞ்சைப் பிடித்து, அரைச் சுற்று சுற்றித் தொபுக்கென்று குப்புற விழுவார். தொப்பி மட்டும் தலையை விட்டு அசையாது. விழுந்த பிறகு இடது கால் தரையில் இரண்டு தட்டுத் தட்டி ஓயும். அவர் சாவுக்கு அதுதான் முத்திரை. "மண்ணு இன்னிக்கு மெத்துனு இருக்கு. தாராளமா சாகலாம்" என்று சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து மிச்சக் காபியைக் குடிப்பார்.

சாட்ஸ்வொர்த் ஊர்ப் பாறைகளுக்கு நடுவே தொலைக்காட்சிக்குக் கௌபாய் தொடர் எடுக்கிறார்கள். அங்கே தொப்பியும் பூட்ஸும் என் பொறுப்பு. கதாநாயகன் வந்தால் முதலில் கண்ணாடி கேட்பான். துணை நடிகர் ஆர்வில் கேட்பது வேறு. "தம்பி, விளிம்பு அகலமா ஒண்ணு குடு. என் மூஞ்சி எனக்கே தெரியக் கூடாது."

காரணம் இருக்கிறது. போன வாரம் சுடப்பட்டுச் செத்தவன் இந்த வாரம் வந்து வங்கியைக் கொள்ளையடித்தால் பார்க்கிற ஜனம் சும்மா இருக்குமா? முகம் ஒரு தடவை பளிச்சென்று தெரிந்துவிட்டால் அந்தத் தொடரில் அப்புறம் வேலை கிடையாது. அதனால் மனிதர் வருஷக் கணக்காகக் குப்புறவே விழுந்து பிழைக்கிறார். குதிரைத் திருடன், சூதாடி, ஓடிப்போன கைதி, எல்லாம் அவர்தான். எவருக்கும் தெரியாது.

குதிரை என்றால் அவருக்கு உதறல். ஏறுவதற்கு முன் அதன் காதில் ஏதோ முணுமுணுப்பார். ஒருநாள் ஒட்டுக் கேட்டேன். "நீயும் கூலிக்காரன், நானும் கூலிக்காரன். பார்த்துச் செய்யி."

ஆனால் மீசை என்றால் உயிர். இரண்டு முனையும் மேலே சுருண்ட, வெல்லப்பாகு நிறத்து மீசை. எந்தக் கேமராவும் காணாத அந்த மீசைக்கு எத்தனை எண்ணெய், எத்தனை சீவல்! கேலி செய்தால், "இது வீட்டுக்கு மட்டும்" என்பார்.

அந்த வீட்டில்தான் வினை வந்தது. மனைவி வெர்னா கனோகா பார்க் என்ற ஊரில் பெண்களுக்குத் தலை அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். கணவர் தொலைக்காட்சியில் வருகிறார் என்று வாய் ஓயாமல் பெருமையடிப்பாள். வாடிக்கைக்காரி திருமதி ஆகர் ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னாளாம்: "பார்த்தோம்மா. தொப்பியும் பின்பக்கமுந்தான் வந்துச்சு. அது யாரு பின்பக்கம்னு நாங்க எப்படி நம்புறது?" கடையே சிரித்தது. வெர்னா வீட்டுக்கு வந்து தீர்ப்பு சொல்லிவிட்டாள். "இந்தத் தடவையும் மூஞ்சி தெரியலேன்னா நான் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீ குப்புற விழுந்தே குடும்பம் நடத்து."

ஆர்வில் என் தொப்பிப் பெட்டிமேல் வந்து உட்கார்ந்தார். "காட்டினா பொழப்பு போச்சு. காட்டலேன்னா பொண்டாட்டி போச்சு. என்ன பண்ண, சொல்லு."

"பேக்கர்ஸ்ஃபீல்டு ஒண்ணும் அவ்வளவு தூரமில்லையே" என்றேன். ஒரு பூட்ஸ் என் காதை உரசிப் போனது.

படப்பிடிப்பு நாள். மதுக்கடைப் படியில் ஷெரீப் சுட்டான். ஆர்வில் சுற்றினார், பழக்கப்படி குப்புற விழுந்தார். அப்புறம், தூக்கத்தில் புரள்கிறவர் மாதிரி, மெல்லத் திரும்பி மல்லாந்தார். தொப்பி தனியே உருண்டது.

"யோவ்! செத்தவன் எதுக்குய்யா புரள்றே?" என்று கத்தினார் இயக்குநர் ஸ்ட்ராட்.

"உயிரு போக மாட்டேன்னு அடம் பிடிக்குது சார்."

வெயில் பாறைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி எடுக்க நேரமில்லை. அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஸ்ட்ராட் போகிற போக்கில் என்னிடம் சொன்னார்: "இது ஒளிபரப்பானப்புறம் ஒரு கொள்ளைக்காரன் வேஷம் இருக்கு. ஆனா அந்த மீசையோட வந்தான்னா ஜனம் கண்டுபிடிச்சிடும், வாசல்லயே திருப்பிடுவேன். போய்ச் சொல்லு." சொன்னேன். ஆர்வில் மீசையைத் தடவிக்கொண்டே போனார்.

ஒளிபரப்பான மாலை வெர்னா தொலைக்காட்சிப் பெட்டியைக் கடைக்கே தூக்கிவந்துவிட்டாள். ஆர்விலோடு நானும் போனேன். சுருள் குத்திய தலைகளோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கி வெடித்தது. உடல் புரண்டது. பெட்டி நிறைய ஆர்வில் முகம், மீசையில் புழுதி.

திருமதி ஆகர் முடி உலர்த்தும் கூண்டிலிருந்து தலையை வெளியே இழுத்தாள். "அடேயப்பா! நெசமாவே உன் வீட்டுக்காரர்தாண்டி!"

வெர்னா அழுதேவிட்டாள்.

பெண்கள் எல்லோரும் போன பிறகு ஆர்வில் வாடிக்கையாளர் நாற்காலியில் சாய்ந்து கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டார். வெர்னா சவரக்கத்தியோடு தயங்கி நின்றாள். "வேணாம் ஆர்வில். இப்பத்தானே எல்லாரும் பார்த்தாங்க."

"பார்த்தாச்சுல்ல? வழிச்சு விடு. திங்கக்கிழமை வேற ஒருத்தன் சாகணும்."

நுரை பூசிக் கத்தியை வைத்தாள். ஒரு பக்கத்துச் சுருள் துண்டில் விழுந்தது. ஆர்வில் கண்ணை மூடியபடியே இருந்தார். இடது கால் மட்டும் தரையில் இரண்டு தட்டுத் தட்டி ஓய்ந்தது.