தண்ணீருக்கு அஞ்சாத குழாய்

ஹைதராபாத் மல்லாபூரில் ஒரு மருந்து கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் வேலை. பேச்சில் கூச்சம் அதிகம். மதுரைக்காரரான கெமிஸ்ட் ஒருவர் மட்டும் என்னை விடாமல் பேச வைப்பார். அவர் மனைவிக்குச் சென்னையில் பேங்க் வேலை, மகளும் அங்கே. அவருக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது. கையிலிருந்த மருந்தின் சோதனையை முடித்துக் கொடுத்தால்தான் இங்கே விடுவிப்பார்கள். அங்கேயோ சேரும் தேதியைத் தள்ளிவைக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த மருந்து, சோதனை மெஷினில் மாட்டும் ஒரு குறிப்பிட்ட எஃகுக் குழாயில்தான் கலப்பிலிருந்து சரியாகப் பிரியும். ஏன் என்று கேட்டதற்கு எனக்குப் புரியும்படி சொன்னார். குழாய்க்குள் இருக்கும் பொடியில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் முடிகள் முளைத்திருக்கும். சாதாரணக் குழாயில் வெறும் தண்ணீரை விட்டால் அது அந்த முடிகளோடு ஒட்டாமல் விலகிவிடும். இதிலோ ஒவ்வொரு முடியின் நடுவிலும் தண்ணீருக்கு உறவான ஒரு முடிச்சு உண்டு. அதனால் தண்ணீரிலும் வேலை செய்யும். மருந்தும் பொடியில் ஒட்டிக்கொண்டு இழுபடாமல் இறங்கும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லா மெஷின்களையும் நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைப்போம். தசரா முடியும்வரை யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. அதற்குமுன் குழாய்களைக் கழுவி, கரைப்பான் நிரப்பி, மூடி போட்டு டிராயரில் வைப்பது வழக்கம். அவர் விடுமுறைக்குச் சென்னை ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். நான் காலிப் பெட்டியோடு நின்றேன்.

"இதைக் கழட்டலையா சார்?"

"நக்கோ அக்கா, நக்கோ!" என்று, வேண்டாம் என்பதற்கு நான் சொல்லும் ஹைதராபாத் வார்த்தையையே திருப்பிக் கேலி செய்தார். "இது தண்ணியிலயே வளந்த புள்ளை. தண்ணி நெரப்பி நிறுத்தியிருக்கேன், அப்படியே கெடக்கட்டும். ஒண்ணும் ஆகாது."

குழாய் இருந்தபடியே மெஷினுக்குப் பொட்டு வைத்தேன்.

விடுமுறை முடிந்து பம்ப்பைப் போட்டதும் அழுத்தம் ஏறி அலாரம் அடித்தது. தேங்கி நின்ற தண்ணீரில் கிருமி வளர்ந்து உள்ளே அடைத்திருந்தது. கெமிஸ்ட் குழாயைத் திருப்பிப் போட்டுக் கழுவினார். ஒரே கூர்கோடாக வர வேண்டிய மருந்து திரையில் இரட்டைத் திமிலாக வந்தது. தண்ணீரில் வேலை செய்வது வேறு, தண்ணீரில் ஊறிக் கிடப்பது வேறு என்று மேனேஜர் தெலுங்கில் சத்தம் போட்டார். புதிய குழாய் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை அவரை விட முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் படிக்கட்டில் நின்று அவர் போனில் பேசியது காதில் விழுந்தது. "இல்லம்மா, நான் செஞ்சதுதான். யாரைக் குத்தம் சொல்ல? பாப்பாகிட்ட இப்போ சொல்லாத."

புதிய குழாய் வந்து சேர்ந்தபோது சென்னையில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். முதல் ஓட்டத்திலேயே கோடு ஊசிபோல எழுந்தது.

"பாருங்கக்கா, என்ன அழகா நிக்குது!"

"ஹவ் சார்" என்று ஆமாம் போட்டேன்.

அவர் திரையைப் பார்த்தபடியே, "ரூமைக் காலி பண்றேன்னு ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்கா. வேற ஆளு அட்வான்ஸ் கொடுத்துட்டானாம்" என்றார்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். "எங்க தெருவுல ஒரு போர்ஷன் காலியா இருக்கு சார்" என்பதுதான் வாயில் வந்தது.

"ஒருத்தனுக்குப் போதுமா?" என்று கேட்டார்.

போதும் என்றேன்.