சிக்லாக் ஊரை நகர்த்தியவன்

கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால் மண்டபத்துக்கு வழி காட்டும் வரைபடம் போடுகிற என்னைப் போன்ற பாவிகளுக்குத்தான் தெரியும், ஊர் இருக்கும் இடத்தைவிட அதன் பேரை எழுத இடம் தேடுவதுதான் பெரும்பாடு.

புள்ளி நகர்ந்தது

கோலா சிலாங்கூரில் என் அச்சுக்கடைக்கு எஸ்தர் டீச்சர் வந்தார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதாகமம் சொல்லிக்கொடுப்பவர். ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்து, தாவீது காலத்து ஊர்களைச் சுவரில் மாட்டப் பெரிதாக வரையச் சொன்னார். அதில் ஒன்று சிக்லாக். தாவீது குடும்பத்தோடு தங்கிய ஊர், எதிரிகள் கொளுத்திவிட்டுப் போன ஊர். பக்கத்து ஊர்ப் பேரோடு எழுத்து முட்டியது. பத்திரிகையில் செய்கிற மாதிரியே புள்ளியைக் கொஞ்சம் கிழக்கே தள்ளி வைத்தேன். டீச்சருக்கு ஒரே சந்தோஷம்.

"பளிச்சுன்னு இருக்கு தம்பி, ஒரு எழுத்துகூட ஒட்டல லா!"

பரிசு போனது

மூன்று மாதம் கழித்து முகம் வாடி வந்தார். ரவாங்கில் நடந்த வேதாகமப் புதிர்ப்போட்டியில், அவர் மாணவி ஷாலினி என் படத்தில் பார்த்தபடியே சிக்லாக்கைக் காட்டியிருக்கிறாள். தப்பு என்றுவிட்டார் நடுவர். அந்த ஒரு கேள்வியில் முதல் பரிசு போச்சு. பிள்ளை வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். புள்ளியைத் தள்ளியதை ஒப்புக்கொண்டேன். டீச்சர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

"அந்தப் புள்ளகிட்ட நான் என்னான்னு போயி சொல்றது தம்பி?"

எதுதான் சிக்லாக்?

அந்த வாரம் முழுக்கப் புத்தகங்களைப் புரட்டினேன். அடக் கடவுளே! சிக்லாக் எங்கே என்று பண்டிதர்களுக்குள்ளேயே சண்டை. பழைய ஊர் புதைந்து கிடக்கும் மேடுகளில் ஒருவர் இந்த மேடு என்கிறார், இன்னொருவர் அந்த மேடு என்கிறார். தோண்டினேன், எரிந்த சாம்பல் கிடைத்தது, இதுதான் என்கிறார் மூன்றாமவர். எரியாத ஊர் எது என்று மடக்குகிறார் அடுத்தவர். நான் தள்ளி வைத்த புள்ளி அந்த மேடுகளில் ஒன்றின் மேலேயே போய் உட்கார்ந்திருந்தது!

மூன்று புள்ளி, மூன்று கேள்விக்குறி போட்டுப் புதுப் படம் அடித்தேன். டீச்சர் அதை நடுவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். கோலா குபு பாருக்காரரான அந்தப் பெரியவர் மறு ஞாயிறே வகுப்புக்கு வந்துவிட்டார். டீச்சர் வீடு வரை போய் ஷாலினியைக் கூட்டி வந்திருந்தார். "எங்க ஊரே பழைய எடத்துல இல்லம்மா, வெள்ளத்துக்குப் பயந்து தள்ளி வந்து கட்டுனது. தப்புன்னு சொன்னது என் தப்பு, பரிசு உனக்குந்தான்" என்றார் எல்லார் முன்னாலும். ஷாலினி படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அப்ப இவ்ளோ நாளா நான் அழுதது, அங்கிள்?"

பண்டிதர்கள் தேடிக் களைத்த ஊரை எழுத்து முட்டுகிறதென்று நகர்த்தி வைத்து, ஒரு பிள்ளையை அழவும் வைத்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.