முட்டியின் பசி

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நடந்த ஒரே பெரிய சண்டை ஓர் ஆட்டுக்காலால் வந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்டிரேட்டர். என் மனைவி குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், மழையில் நனைந்திருந்த ஸ்டேஷன் மேம்பாலப் படியில் வழுக்கி விழுந்தாள். முட்டி வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, ஆனாலும் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டார். கட்டைப் பிரித்த அன்று, "இனிமே கொஞ்சம் கொஞ்சமா நடக்கணும்மா" என்றும் அவரே சொன்னார். அவள் நடக்கவில்லை. முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்பு செருப்பு மாதிரி, நடக்க நடக்கத் தேய்ந்துவிடும் என்று தானாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

நானும் காபியைக் கட்டிலுக்கே கொண்டுபோனேன். குளியலறைக்குத் தாங்கிக் கூட்டிப்போனேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஈஸ்டருக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகப் பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நாற்பது பிள்ளைகளை அதட்டின குரல் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிற ஜாதி அவள். எங்கள் துறைத் தலைவரிடம் கெஞ்சி ஒரு மைக்ராஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியில் கறிக்கடையில் அப்போதுதான் வெட்டின ஆட்டுக்கால் மூட்டு ஒன்றையும் வாங்கி, சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து வைத்தேன்.

"என்னங்க இது?"

"ஆட்டு முட்டி."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. அதுவும் தவக்காலம்."

வெள்ளிக்கிழமை சுத்தமாக மறந்துபோயிருந்தது. தவக்கால வெள்ளியில் எங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்கமாட்டோம். பங்குச் சாமியார் கேட்டால் என்ன சொல்வது, பக்கத்து வீட்டுக்கு வாடை போகாதா என்று பொரிந்து தள்ளினாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் ரொம்ப நாள் கழித்து அந்தப் பழைய குரல் கேட்டதில் எனக்கு உள்ளூர சந்தோஷம்.

"நீ திங்க வேண்டாம். பாத்தா போதும்" என்றேன்.

மூட்டு நுனியில் வழவழவென்று வெள்ளையாக இருந்த குருத்தெலும்பைச் சவர பிளேடால் மெல்லிசாகச் சீவி, உப்புத் தண்ணீர் விட்டுக் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். அவள் நாற்காலியில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். தனித்தனிக் குழிகளில் உருண்டையாக செல்கள். இரண்டு பிளேடுகளின் ஓரத்தால் துண்டைப் பக்கவாட்டில் லேசாக நெருக்கினேன். உருண்டைகள் நசுங்கி நீண்டன. விட்டதும் பழையபடி உருண்டன. அவளே பிளேடுகளை வாங்கித் திரும்பத் திரும்ப நெருக்கி விட்டாள்.

"வலிக்காதா இதுக்கு?"

"இதுல நரம்பே இல்ல. ரத்தக் குழாயும் இல்ல."

"அப்ப சாப்பாடு?"

"நடக்கறப்ப அமுங்கும், காலை எடுத்தா விரியும். அப்பதான் சுத்தியிருக்கற நீர்லேருந்து சத்து உள்ள போகும். தன்மேல பாரம் விழுதுன்னு அந்த செல்லுக்கே தெரியும்னு சில பேர் சொல்றாங்க. பாரத்துக்குத் தகுந்த மாதிரி தன்னைச் சுத்தி கட்டிக்குமாம்."

"பாரமே இல்லாம வச்சிருந்தா?"

"பட்டினிதான்."

துண்டை இன்னொரு தடவை நெருக்கி விட்டுப் பார்த்தாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடிபட்ட காலைத் தரையில் வைத்தாள். அவள் முகம் சுருங்கியதும் நான் பாய்ந்துபோய் இடுப்பைத் தாங்கினேன்.

"கைய எடுங்க" என்றாள். "என் பாரத்தை நீங்க தாங்கினா அதுக்கு எப்படிச் சாப்பாடு போகும்?"

எடுத்தேன். வாசல்வரை அவள் தாங்கித் தாங்கி நடந்தாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே போனேன். அவளைத் தொடாமல் இருந்ததுதான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த காரியம்.

ஈஸ்டர் பூசையில் எல்லாரும் முழந்தாளிட்டபோது அவளும் மெதுவாக இறங்கினாள். என் கை தானாக அவள் முழங்கை வரைக்கும் போய்விட்டது. அவள் பீடத்திலிருந்து பார்வையை எடுக்காமலே அதைத் தட்டிவிட்டாள்.