எனக்குப் பதிலாக உள்ளே போனவர்

களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்த மாமாவின் கை அப்படியே நின்றது. எங்களை நோக்கி மேஸ்திரி ஓடி வந்துகொண்டிருந்தார். எழுபதுகளின் தொடக்கம். மாரண்டஹள்ளிப் பக்கம் மழை பொய்த்துப் போய், வடக்கே ஓர் அணுமின் நிலையத்துக்குக் கூலி வேலைக்குப் போயிருந்த கூட்டத்தில் நானும் என் அக்கா புருஷனும் இருந்தோம். மாமா என்றால் எனக்கு அவர்தான். உள்ளே ஏதோ குழாய் வெடித்துத் தரையெல்லாம் தண்ணீர் நிற்கிறதாம், துடைத்து அள்ள ஆள் வேண்டுமாம். அது சாதாரணத் தண்ணீர் இல்லை, உடம்பில் பட்டால் கெடுதல் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். என்ன கெடுதல் என்று எவனும் சொல்லித் தொலைக்கவில்லை.

முறை வைத்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார்கள். என் பேரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். மாமா என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "இவன் இன்னும் கல்யாணம் ஆவாத பையனுங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்குது. இவன் முறைக்கும் நானே போறேங்க" என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்த ஏற்பாடு அது. பிள்ளை பெற்றவன் உள்ளே, பெறாதவன் வெளியே. அந்தத் தண்ணீர் பட்டால் வாரிசு இல்லாமல் போகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். உயிருக்கே உலை வைக்கும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. நான் மாமாவின் தட்டில் ஈ மொய்க்காமல் துண்டைப் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, வெட்கங்கெட்ட நிம்மதி.

ஊர் திரும்பிச் சில வருஷத்தில் மாமா இளைக்க ஆரம்பித்தார். ஈறில் ரத்தம் கசிந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கோளாறு என்றார்கள். அந்தத் தண்ணீரால்தானா என்று கேட்டேன், டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ஊர் அதற்குள் முடிவு கட்டிவிட்டது. மாமா விளைவித்த தக்காளியைச் சந்தையில் சீந்த ஆளில்லை. வடக்கே வேலைக்குப் போட்டிருந்த சட்டையை அக்கா அலசிய வாய்க்கால் ஓரத்தில் இன்றைக்கும் யாரும் கீரை விதைப்பதில்லை. அந்த நிலையத்துப் பக்கத்து ஏரியில் மீன் பிடிக்கக் கூடாதென்று தடுத்துவிட்டதாக, பின்னால் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

அதற்குள் எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பையன்கள் பிறந்திருந்தார்கள், கொழுகொழுவென்று. அவர்களைத் தூக்கிக்கொண்டு அக்கா வூட்டுக்குப் போகவே எனக்குக் கூசும். மாமா கிட்டே சேர்க்க மாட்டார். "ஒட்டிக்கிச்சுன்னா என்ன பண்ணுவ? தூரமா வெச்சுக்கடா" என்பார். அது ஒட்டும் நோயில்லை என்று சொன்னால் நம்பவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். நான் தினமும் பஸ் ஏறிப் போய்க் கட்டில் பக்கத்தில் நிற்பேன். பார்த்துக்கொள்ளப் போனேன் என்று ஊர் மெச்சியது. நான் போனது வேறெதற்கோ. 'உன் மேல தப்பில்லடா' என்று அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், அதற்குத்தான் போனேன். ஒரு மத்தியானம் மாமா என்னையே வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கு உன்னையே போவ விட்டிருக்கணும்டா. பொட்டப்புள்ளய வெச்சிக்கிட்டு நான் ஏன் போனேன்?"

குரலில் கோபமே இல்லை. "ஆமாங்க மாமா" என்றேன். அக்கா அவரை அடக்குவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

மாமா போய்ச் சேர்ந்தார். அவர் மகளுக்கு நான்தான் முன்னின்று கல்யாணம் செய்துவைத்தேன். அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். என் பேரன்கள் அவள் மடியில்தான் புரளுகிறார்கள், அவளும் வாய் நிறையக் கொஞ்சுகிறாள். மாமா அன்றைக்குச் சொன்னது தப்பு என்று மட்டும் அவள் இன்றுவரை சொல்லவில்லை.