பழனிக்குக் கிடைத்த கதிரை

பரந்தன் சந்தியில் பஸ் வரக் காணவில்லை. சும்மா நிற்பதற்குப் பதில் அடையாள அட்டையையாவது பிரதி எடுத்து வைப்போமென்று பக்கத்துக் கடைக்குள் ஏறினேன். இயந்திரச் சூட்டில் கடதாசி வேகும் அந்த வாசம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதை அனுபவிக்கவிடாமல் மேசைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. கடையில் நிற்கிற பிள்ளை கைத்தொலைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். தொடக்க இசையைக் கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. நாலு சில்லறைக் கள்ளரைப் பற்றிய அந்தப் பழைய தொலைக்காட்சி நாடகம்.

"அங்கிள், இது உங்கட காலத்து நாடகம்தானே? நல்ல பகிடி," என்றாள்.

ஓம் பிள்ளை, நல்ல பகிடி. அதை எழுதியவன் என் கையில் அகப்பட்டால் அவனுக்கும் ஒரு பகிடி காட்டுவேன். (இந்தப் பிள்ளை யாருடைய மகள் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் கோபத்தில் கதை குழம்பிவிடும்.)

நாடகத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முறுக்கு மீசைத் தலைவன் ஒருத்தன், அவனுக்குக் கீழே மூன்று பேர். அதில் ஒருத்தன் வடிகட்டின அப்பாவி. ஒவ்வொரு கிழமையும் உதவாத சாமான் ஒன்றைத் திருடுவார்கள். கோயில் ஒலிபெருக்கி, மீன்காரரின் தராசு, இப்படி ஏதாவது. பிடிபட்டதும் அந்த அப்பாவி முன்னால் வந்து, எல்லாம் நான்தான், நான் தனியத்தான் என்று சிறைக்கு, எங்கள் பேச்சில் மறியலுக்கு, போவான். கடைசிக் காட்சியில் மறியல் வாசலில் தலைவன் சோற்றுப் பார்சலோடு நிற்பான். இரண்டு பேரும் கட்டிப்பிடிப்பார்கள். பின்னணியில் ஆட்கள் சிரிப்பார்கள். சிலபேர் கண்ணையும் துடைத்துக்கொள்வார்கள்.

நான் அதை முதலில் பார்த்தது குணம் வீட்டு முற்றத்தில். ஊரே அவனைக் குணம் அண்ணை என்றுதான் சொன்னது, நானும் சொன்னவன்தான். எழுதும்போது அந்த அண்ணையைத் தரமாட்டேன், மரியாதையும் தரமாட்டேன். அதையெல்லாம் பழனிக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஊர் அவரை ஒருநாளும் 'அவர்' என்று சொன்னதில்லை. என் எழுத்திலாவது அவருக்கு அது கிடைக்கட்டும்.

யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து மீளக் குடியேறி வந்த புதிது. முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் எங்கள் ஊரில் தகரக் கொட்டில்கள்தான் வீடுகள். மின்சாரம் வரவில்லை. குணத்திடம் மட்டும் ஜெனரேற்றர் இருந்தது. அது யாருடையதென்று அப்போது ஒருத்தரும் கேட்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியை வெளிவிறாந்தையில் வைத்து, பொழுதுபட அந்த நாடகச் சீடியைப் போடுவான். ஊர்ச்சனம் முற்றத்து மணலில் இருக்கும். பக்கத்தில் ஜெனரேற்றர் கத்தும், மண்ணெண்ணெய்ப் புகை மூக்கைப் பிடுங்கும். இன்றைக்கும் மண்ணெண்ணெய் மணம் வந்தால் எனக்கு அந்தப் பின்னணிச் சிரிப்புத்தான் காதில் கேட்கும்.

விறாந்தையில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரை. ஒன்றில் குணம். மற்றதில் பழனி.

அந்தக் கதிரை என்ன பெரிய காரியம் என்று நீங்கள் கேட்கலாம். பழனியின் தாய் தகப்பன் மலையகத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்கள். காடு வெட்டினார்கள், வயலில் குனிந்தார்கள், எங்களோடு சேர்ந்து ஓடினார்கள், எங்களோடு சேர்ந்து முகாமில் கிடந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு ஊருக்குத் திரும்பினால் அவர்களுக்கு இடம் பழைய இடம்தான். கூலிக்கு வந்தால் சாப்பாடு முற்றத்தில். தேத்தண்ணிக்கு வேறு கோப்பை. கதிரையை ஒருத்தரும் காட்டமாட்டார்கள். கேட்டால், அவங்களுக்குக் கீழ இருந்துதான் பழக்கம் என்பார்கள். என்ன பழக்கமோ!

குணம் கதிரையைக் காட்டினான். தன் வளவின் மூலையில் கொட்டில் போடவும் இடம் கொடுத்தான், பிறகு எழுதித் தருகிறேன் என்றும் சொன்னான். தன் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தான். பழனி அன்றோடு அவனுக்கு அடிமையாய் விழுந்தார். பிறகு குணத்தின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் எங்கே போனாலும் பெட்டியில் பழனி இருந்தார்.

அது போன இடங்களைத்தான் சொல்லவேண்டும். எங்கள் சனத்துக்கு அந்த நேரம் உயிரோடு சேர்த்து மிஞ்சியது தொண்டு நிறுவனங்கள் கொடுத்த தண்ணீர் இறைக்கும் மெசின்கள்தான். அவை ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் காணாமல் போகத் தொடங்கின. கொள்ளையடிக்க ஊரில் பணக்காரன் இல்லையென்றால், இல்லாதவனிடம் அடிக்கிற கள்ளனை என்ன சொல்லித் திட்டுவது? நாடகத்துக் கள்ளர் தராசைத் திருடினால் மீன்காரர் துள்ளிக் குதிப்பார், நாங்கள் சிரிப்போம். என் அக்காவின் மெசின் போனபோது அக்கா துள்ளவில்லை. வாடத் தொடங்கிய கச்சான் கடலைப் பாத்திக்குள் போய்க் குந்தினா. புருசனைப் பறிகொடுத்து, தனியாளாய்க் கொத்தி விதைத்த கச்சான்.

நான் அப்போது பரந்தனில் மெசின் திருத்தும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் குணம் ஒரு மெசினை இறக்கினான். பச்சைப் பெயின்ற் இன்னும் கையில் ஒட்டியது. ஆனால் இழுத்து ஸ்டார்ட் பண்ணும் கயிற்றின் நுனியைப் பார்த்ததும் குனிந்து அதைக் கையில் எடுத்தேன். அக்காவின் மெசினில் கைபிடி உடைந்துபோக, நான் வேப்பங்கட்டை சீவிக் கட்டிக் கொடுத்திருந்தேன். அந்த வேப்பங்கட்டை அப்படியே தொங்கியது. மெசின் முழுவதும் பெயின்ற் அடித்தவனுக்கு அந்தக் கட்டை கண்ணில் படவில்லை. நான் சைக்கிளை எடுத்து அக்காவிடம் ஓடித் திரும்புவதற்குள் குணம் மெசினோடு போய்விட்டான். கடை முதலாளி, அப்படியொன்று வரவேயில்லை என்றார். அவருக்கும் ஒரு நாள் வரும் என்று நினைத்தேன். வரவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார்.

அக்கா ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவிட்டா. "நான் பொலிசுக்குப் போகேல்லை. குணத்தை வற்றாப்பளை அம்மாளுக்கு முன்னால வந்து கற்பூரத்தை அணைக்கச் சொல்லுங்கோ. அது போதும்," என்றா.

எங்கள் பக்கத்தில் களவுக்கு இதுதான் கடைசி விசாரணை. வெற்றிலையில் கற்பூரத்தை ஏற்றி வைப்பார்கள். சந்தேகப்பட்டவர், நான் எடுக்கவில்லை என்று சொல்லிக் கையால் அடித்து அணைக்கவேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனின் வீட்டில் அம்மாள் கண்ணைப் பறிப்பா என்பது சனத்தின் நம்பிக்கை. அதுவும் செய்தவனின் கண்ணையல்ல, வீட்டில் ஆகச் சின்னதின் கண்ணை. குணம் மறுக்கவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் எல்லோரும் ஒன்றாகத்தான் போனோம். வழி முழுக்க அவன் பகிடி விட்டுக்கொண்டு வந்தான். அவனுடைய சின்ன மகள் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவளையும் மடியில் வைத்திருந்தான். பழனி அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோயில் வெளியில் மரத்துக்குக் கீழே வெற்றிலை வைத்தார்கள். கற்பூரம் பற்றியது. குணம் சட்டைக் கையை மடித்தான். அவன் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். காதருகே பாடுகிற நுளம்பை அடிக்கப் போகிறவனின் முகம்.

பழனி இடையில் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். "நாந்தாங்க எடுத்தேன். அம்புட்டு மெசினும் நாந்தான். அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது."

அக்காதான் முதலில் வாய் திறந்து, இவனில்லை, இவனுக்கு இந்த மூளை இல்லை என்று கத்தினா. யார் கேட்பது? ஊருக்குக் கள்ளன் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டான். அதுவும் ஊர் முந்தியே நினைத்து வைத்த மாதிரியான கள்ளன். குணம் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சொன்னான். "சோறு போட்ட கையையே கடிச்சிட்டான், பாருங்கோ."

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. அக்காவின் மெசின் கடைசிவரை வரவில்லை, கச்சானும் பிழைக்கவில்லை.

வழக்கு நடந்து பழனி வவுனியாவில் மறியலுக்குப் போனார். குணம் ஒருக்காலும் போய்ப் பார்க்கவில்லை. பழனியின் பெண்சாதி லெச்சுமியைக் கொட்டிலை விட்டு எழும்பச் சொன்னான். அவ தன் தமக்கையின் ஆட்களிடம் நெளுக்குளத்துக்குப் போனா. கொட்டில் நின்ற இடத்தில் தென்னம்பிள்ளை வைத்தான். நாடகச் சீடியை மட்டும் நிறுத்தவில்லை. அந்த அப்பாவி மறியலுக்குப் போகும்போதெல்லாம் ஊர் சிரித்தது. நான் அந்த முற்றத்துக்குப் போவதை விட்டேன்.

பிறகு ஒருநாள் வவுனியா பஸ்ஸிலிருந்து பழனி சொப்பிங் பையோடு இறங்குவதைக் கடையிலிருந்து கண்டேன். விடுதலை. மறியலிலிருந்து நெளுக்குளம் எட்டிப் பார்க்கிற தூரம். மனுசன் பெண்சாதியிடம் போகவில்லை. நேரே பரந்தனுக்கு வந்து நிற்கிறார். குணத்துக்கு வவுனியாவுக்கு வர வசதிப்பட்டிருக்காது, அதுதான் தானே வந்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கு அந்தக் கடைசிக் காட்சி, சோற்றுப் பார்சல், எல்லாம் மனதில் இருந்திருக்கிறது. பக்கத்துக் கதிரையிலிருந்து குணம் ஒவ்வொரு தரமும் அவர் தோளில் தட்டி, "பாத்தியோ பழனி, இதுதான்டா விசுவாசம்" என்று சொன்னது எனக்குக் கேட்டிருக்கிறது. ஒரு மனுசனைக் கெடுக்க அதைவிட என்ன வேணும்?

சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். குணம் வேலிப் படலை வரைக்கும் வந்தான், படலையைத் திறக்கவில்லை.

"இஞ்ச பார், வீட்டில பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினம். கள்ளரை நான் உள்ளுக்கு எடுக்கேலாது."

எனக்குக் கல் ஒன்று எடுக்கவேண்டும் போலிருந்தது. பழனி, "சரிங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். விறாந்தையில் அந்த இரண்டு கதிரைகளும் அப்படியே கிடந்தன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு சின்ன மகள் எங்களை எட்டிப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் நான் பொறுக்கமாட்டாமல் அவரை ஏசினேன். உமக்கு வாய் இல்லையோ, அந்த நாய்க்காக ஏன் ஒத்துக்கொண்டனீர் என்று கேட்டேன். அவர் பின்னால் இருந்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே கற்பூரத்த அணைச்சிருந்தா பாப்பா கண்ணு போயிருக்குங்க. அதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான்." கொஞ்ச தூரம் போனபிறகு, "அங்கருந்தே என்னையப் பாத்துருச்சுங்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அம்மாளுக்கு அந்தத் தண்டனை கொடுக்க எண்ணமிருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. குணத்துக்கு அந்தப் பயம் துளியும் இல்லை என்பது மட்டும் தெரியும். அவனுடைய பிள்ளைக்காகப் பயந்தது பழனி ஒருத்தர்தான். அவரை வவுனியா பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பிறகு நான் அவரைக் காணவில்லை. நெளுக்குளத்தில் விசாரித்தேன், அங்கிருந்தும் போய்விட்டார்களாம். இப்போது ஊருக்குள் மின்சாரம் இருக்கிறது, மெசின் களவு இல்லை, கற்பூரம் அணைக்க ஒருத்தரையும் ஒருத்தரும் கூப்பிடுவதில்லை. குணத்தின் தென்னைகள் நன்றாகக் காய்க்கின்றன.

கடைப் பிள்ளை என் அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். அழிந்துபோன சின்ன எழுத்து. நான் கண்ணாடி போட்டும் தடுமாறுகிற இலக்கத்தை அவள் வெறுங்கண்ணால் கடகடவென்று வாசித்துச் சரிபார்த்தாள். பெரிய, வடிவான கண்கள். ஓம், குணத்தின் அந்தச் சின்ன மகள்தான் இவள்.

"பிள்ளை, சின்னனில உங்கட வளவுக்க பழனி எண்டு ஒருத்தர் இருந்தவர். ஞாபகம் இருக்கோ?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். "இல்லையே அங்கிள். அப்பா ஒருநாளும் சொல்லேல்லை. ஆர் அவர்?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் கைத்தொலைபேசியில் மறியல் கதவு திறந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கத் தொடங்கினாள்.